தண்ணீர் தங்காத லாரி

திருப்புல்லாணியில் பேருந்தை விட்டு இறங்கியபோது வெயில் இன்னும் முற்றவில்லை. கோயில் பக்கமிருந்து துளசி மணம் வந்தது. அதன் பின்னாலேயே, அதை மெல்ல அழித்துக்கொண்டு, கடலின் மணமும் வந்தது. துர்காதேவியின் தோள்பையில் டார்ச்சும் கம்பித் தூரிகையும் இருந்தன. தம்பி வசந்தகுமாரின் பையில் மாற்றுத்துணி. அவர்கள் பார்க்க வந்த லாரி தேறிவிட்டால் அவன் அதைக் கோயம்புத்தூர் வரைக்கும் ஓட்டிப்போக வேண்டும். பழைய லாரிகளைச் சேர்த்து வைக்கும் ஒருவர் அங்கே காத்திருந்தார். இந்த ஓட்டத்துக்கு வேறு ஓட்டுநரைத்தான் அவர் சொல்லியிருந்தார். துர்காதேவிதான் பேசித் தன் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தாள்.

பழைய லாரி எந்த மாடல் என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். கேட்க எளிதாகத் தெரியும். அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து சேசிஸ் என்ற அடிச்சட்டமும் எஞ்சினும் முகமும்தான் வரும். கேபினை உள்ளூர்ப் பட்டறையில் தச்சர்கள் மரத்தில் கட்டுவார்கள். அதனால் ஒரே மாடல் இரண்டு ஊரில் இரண்டு உருவம் எடுத்திருக்கும். இரண்டு மாடல்கள் ஒரே உருவத்தில் நிற்கும். பழுதானால் கையில் கிடைத்ததை மாட்டி ஓட்டுவார்கள். அரை நூற்றாண்டு ஓடிய லாரி என்பது ஒரு லாரி அல்ல. செத்துப்போன பல லாரிகள் ஒன்றாக நிற்கும் இடம் அது. அதில் எது எந்த வண்டியின் உறுப்பு என்று அவள் பிரித்துச் சொல்வாள்.

"நீ பாக்குற மாதிரி யாராச்சும் என்னைய மாப்பிள்ள பாக்க வந்தா நான் ஓடியே போயிருவேன்க்கா" என்றான் வசந்தகுமார். "பல்லத் தட்டி, முதுகச் சொரண்டி..."

"சொரண்டுனா ஒனக்கு உள்ளுக்குள்ள என்னலே இருக்கு? பேசாம வா."

சேதுக்கரை போகும் சாலையில், கருவேலங்காட்டுக்கு நடுவே, ஒரு பழைய ஐஸ் கம்பெனியின் கூடம் இருந்தது. ஐஸ் நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது அது லாரியை விற்கும் ஹசன் அலியின் பட்டறை. அவர் வாசலிலேயே நின்றார். ஒல்லியான மனிதர், கட்டம் போட்ட கைலி, வெள்ளைத் தொப்பி.

"வாங்க தங்கச்சி. வெயிலுக்கு முன்ன வந்துட்டீக, நல்லது."

உள்ளே பகலிலும் அந்தி போல இருந்தது. சுவர்கள் இன்னும் பழைய குளிரை விடாமல் பிடித்து வைத்திருந்தன. கூடத்தின் நடுவில் லாரி நின்றது. நீண்ட மூக்கு, மூக்கின் நுனியில் நட்சத்திரம். ஓட்டுநர்கள் இந்த வகையை மூக்கு வண்டி என்பார்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ அண்ணாந்து பார்ப்பதுபோல அதன் இரண்டு விளக்குகளும் மங்கியிருந்தன.

துர்காதேவி வழக்கம்போல முன்னாலிருந்து தொடங்கினாள். கிரில்லின் பட்டைகளை விரலால் தடவினாள். சேசிஸின் ரிவெட்டுகளுக்கு டார்ச் அடித்தாள். கியர்பெட்டிக்கு அடியில் படுத்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, வார்ப்பில் இருந்த எழுத்துகளைப் படித்தாள். ஹசன் அலி பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

"மறைக்கல தங்கச்சி. கியர்பெட்டி ஒரு வண்டி, பின் அச்சு ஒரு வண்டி. ஆனா அம்புட்டும் இதே மாடல்தான். ஒண்ணொண்ணா அலைஞ்சு சேத்தது."

"எங்கருந்து பாய்?"

"அடிபட்டுக் கெடந்த வண்டிகதான்."

"ஆளு செத்த வண்டியா?"

"பழைய இரும்புல ஆளு சாகாத இரும்பு எது தங்கச்சி?" என்று அவர் சிரித்தார். "பயப்படாதீக. இந்தக் கரையில லாரிக்காரங்களுக்கு ஒரு மொற இருக்கு. ஆளு போன வண்டியில ஒரு சாமான் எடுத்தா, அத சேதுக்கரைக்குக் கொண்டுபோயி கடல்ல முக்கித்தான் இன்னொரு வண்டியில மாட்டணும். இந்து முஸ்லிம் எல்லாருக்கும் அதான் மொற. எங்க வாப்பாவும் செஞ்சாக, நானும் செய்றேன். கடல் வாங்கிக்கிட்டா இரும்பு சுத்தம்."

வசந்தகுமார் இதையெல்லாம் கேட்கவில்லை. அவன் பானட்டைத் தூக்கிவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், இதுல சொட்டுத் தண்ணி இல்ல."

"காலையிலதானே ரொப்புனேன்."

அவன் குடத்தைத் தூக்கி ஊற்றினான். வெகுநேரம் ஊற்றினான். கீழே சிமென்டுத் தரையில் ஈரம் இல்லை. துர்காதேவி படுத்த இடத்தில் முதுகில் ஒட்டியது மாவு போன்ற உலர்ந்த தூசி மட்டும்தான்.

"ஒழுக்கு எங்கயும் இல்ல" என்றார் ஹசன் அலி, யாரும் கேட்காமலே. "நானும் தேடிப் பாத்துட்டேன். ஊத்துனா ஓடுது. அது பாட்டுக்கு ஓடட்டும்னு விட்டுட்டேன்."

வசந்தகுமார் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். எஞ்சின் நெஞ்சுச்சளி உடைவதுபோல இருமி, பிறகு ஒரே சீராக ஓடியது. அவன் முகம் மலர்ந்தது. "ரோட்டுல ஒரு சுத்து பாத்துட்டு வாரேன்க்கா."

திரும்பி வந்தபோது அவன் சிரிக்கவில்லை. இறங்கிய உடனே மண்பானையிடம் போனான். சொம்பை வாயில் வைத்து அண்ணாந்தான், மறுபடி மொண்டான், மறுபடி.

"ஏலே, வயிறா கண்மாயா?"

"தாகம் அடங்க மாட்டேங்குது." அவன் உதட்டை நக்கினான். நாக்கு உதட்டில் ஒட்டி, பிரியும்போது சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

அந்த வெயிலில் ஓட்டி வந்தவனின் சட்டையில் எங்கும் வேர்வை இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோலிருந்தது.

"போயி நெழல்ல கொஞ்சம் படு. நான் கேபினப் பாத்துட்டு வந்துர்றேன்."

அவன் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்த் துண்டை விரித்தான். சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டான். ஹசன் அலி பிற்பகல் அஸர் தொழுகைக்காகக் கூடத்தின் பின்கட்டுக்குப் போனார்.

துர்காதேவி லாரியில் தனியாக இருந்தாள்.

கேபினுக்குள் பழைய மரத்தின் வாசனையும் டீசல் வாசனையும் இருந்தன. கூடவே இன்னொன்று. வெயிலில் காய்ந்த துணியின் வாசனை, உப்பேறிக் காய்ந்த சட்டையின் வாசனை. அவள் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் குனிந்து, பெடல்களுக்குப் பக்கத்தில் தலையை நுழைத்தாள். ஸ்டியரிங் தண்டின் மேல் கறுப்பு ரெக்சின் சுற்றியிருந்தது. மற்ற எல்லாவற்றையும் திறந்து காட்டிய மனிதர் இதை மட்டும் ஏன் சுற்றி மூடினார்?

தையலைப் பிரித்தாள்.

காதோரம் யாரோ சொன்னார்கள்.

"தண்ணி."

"பானையில இருக்குடா, மோந்து குடி" என்றாள் நிமிராமலே.

"தண்ணி."

குரலில் மூச்சு இல்லை. மூச்சு வற்றிய பிறகு மிஞ்சிய குரல் அது. அவள் மெல்ல நிமிர்ந்தாள். முன்கண்ணாடி வழியாகக் கூடத்தின் வாசலும், வாசலுக்கு அப்பால் வேப்பமரமும் தெரிந்தன.

வசந்தகுமார் மரத்தடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் கிளட்ச் பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. அடி வரைக்கும் இறங்கி, அங்கேயே நின்றது.

அவள் ஓடியிருக்கலாம். ஆனால் டார்ச் வெளிச்சம் ரெக்சின் விலகிய இடத்தில் விழுந்திருந்தது. பழக்கப்பட்ட கண் அதைப் படித்துவிட்டது. தண்டைச் சுற்றி மோதிரம்போல ஒரு வெல்டிங். கீழ்ப்பாதி ஒரு வண்டி, மேல்பாதி இன்னொரு வண்டி.

மேல்பாதி மூக்கு வண்டியுடையது அல்ல. மூக்கு வண்டியில் எஞ்சின் முன்னால் இருக்கும், ஓட்டுநர் அதற்குப் பின்னால் இருப்பார். தண்டு நன்றாகச் சாய்ந்து மூக்குக்குள் போகும். இந்தத் தண்டின் தாங்கி அந்தச் சாய்வுக்குச் செய்யப்பட்டதல்ல. அதன் காதுகளை அரத்தால் ராவி, புதிதாகத் துளை போட்டு வளைத்திருந்தார்கள். இது நெட்டுக்குத்தாக நிற்க வேண்டிய தண்டு. மொட்டை முக வண்டியின் தண்டு. அந்த வகை லாரியில் ஓட்டுநர் எல்லாவற்றுக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னே கண்ணாடியும் ஒரு தகடும் மட்டும்தான். எதிலாவது மோதினால் வண்டி நொறுங்குவதற்கு முன் ஆள் நொறுங்குவான். தண்டு நேராக நெஞ்சுக்கு வரும்.

தண்டில் சுத்தியலால் நிமிர்த்திய தடங்கள் இருந்தன. சக்கரத்தின் நடுக்குமிழுக்கு அடியில், கறுப்புப் பெயின்டுக்குள், பொட்டுபோல ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினாள்.

வெள்ளைச் சட்டைப் பொத்தான்.

அவள் பின்கட்டுக்குப் போனபோது ஹசன் அலி தொழுதுகொண்டிருந்தார். குறுக்கே பேச முடியாது. அவர் குனிந்து, நிமிர்ந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுவதை வாசற்படியில் நின்று பார்த்தாள். பொத்தானைப் பிடித்திருந்த விரல்களில் தோல் காய்ந்து சுருங்குவது தெரிந்தது. அதைக் கீழே போட்டாள். அவர் வலப்பக்கம் முகம் திருப்பி ஸலாம் சொன்னார். இடப்பக்கம் திருப்பினார்.

அப்போது கூடத்தில் எஞ்சின் உயிர் பெற்றது.

அவர்கள் வெளியே வந்தபோது லாரி வாசலைத் தாண்டிவிட்டிருந்தது. வேப்பமரத்தடியில் துண்டு மட்டும் கிடந்தது. ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் வசந்தகுமாரின் முழங்கை தெரிந்தது. அவள் கத்தியும் அது திரும்பவில்லை. லாரி கடல் பக்கம் போனது.

ஹசன் அலி மொபெட்டை எடுத்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"அந்த ஸ்டியரிங் தண்டு யாருது பாய்?"

அவர் வேகத்தைக் கூட்டினார்.

"மொட்டை முக வண்டியில எடுத்தது. எனக்குத் தெரிஞ்சு போச்சு. யாருது?"

"இந்த மாடலுக்குத் தண்டு எங்கயும் கெடைக்கல தங்கச்சி." காற்றில் அவர் குரல் துண்டுதுண்டாக வந்தது. "உப்பளத்துக்கு ஓடுன வண்டி. இருளாண்டின்னு ஒரு டிரைவர். பாலத்துக் கட்டைச்சுவருல நேரா போயி விட்டுட்டாரு. நெஞ்சு மாட்டிக்கிருச்சு. வெட்டி எடுக்க ஆளு வாரதுக்கு பொழுது சாஞ்சு போச்சு. நல்ல கோடை. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தாராம்."

"யாரும் குடுக்கலையா?"

"நெஞ்சுல அடிபட்டவனுக்குத் தண்ணி குடுத்தா உசுரு போயிரும்னு சொல்லுவாக இல்ல. ஆளாளுக்குச் சொம்பையும் பாட்டிலையும் கையில வச்சிக்கிட்டு நின்னாங்களாம். அவரு கண்ணு முன்னாடியே. நல்லதுன்னு நெனச்சுத்தான்."

சாலை மணலாகத் தொடங்கியது. மொபெட் வழுக்கியது.

"அத கடல்ல முக்குனீகளா?"

அவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி சொன்னார். "மத்த எல்லாத்தையும் முக்குனேன், அல்லா மேல ஆணை. இத மொதல்லயே கீழ்ப்பாதியோட ஒட்டிட்டேன், அதுல ஸ்டியரிங் பல்லுப்பெட்டி இருக்கு. உப்புத்தண்ணி உள்ள ஏறுனா பல்லத் தின்னுரும். ஓட்டுறவனுக்குத்தானே ஆபத்துன்னு... டீசல்ல நல்லாத் தொடச்சேன். செத்தவருக்கு ஓதுற யாசீனையும் ஓதினேன்."

சேதுக்கரையில் யாரும் இல்லை. முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட வருகிறவர்கள் காலையிலேயே வந்து போய்விட்டார்கள். மணலில் வாழையிலைகளும் சிதறிய சோறும் காய்ந்து கிடந்தன. லாரி கடலைப் பார்த்து, ஈர மணல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஓடும் எஞ்சினோடு நின்றது.

அவள் கதவைத் திறந்தாள்.

வசந்தகுமார் சக்கரத்தைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தான். காலையில் அவளோடு சிரித்துக்கொண்டு நடந்து வந்த முகம் அது இல்லை. கன்னங்கள் உள்ளே போயிருந்தன. உதடுகள் வெடித்திருந்தன. வெடிப்பில் ரத்தம்கூட இல்லை. கண்கள் கடலைப் பார்த்தன, இமைக்கவில்லை.

"தம்பி. கைய எடு."

அவள் அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். அவை சக்கரத்தோடு வார்க்கப்பட்டவைபோல இருந்தன.

"க்கா" என்றான். அது அவன் குரல்தான். "நெஞ்ச அமுக்குது."

பிறகு வந்தது அவன் குரல் இல்லை.

"தண்ணி."

அவள் பையிலிருந்த பாட்டிலை அவன் வாயில் கவிழ்த்தாள். தண்ணீர் உள்ளே போனது. தொண்டை அசையவில்லை. உதடு நனையவில்லை. பாட்டில் காலியானது.

"இன்னும்."

"கடல்தண்ணி அந்தத் தண்டுல படணும்" என்றார் ஹசன் அலி கீழேயிருந்து. "இதக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போனாத்தான்..."

"கைய எடுக்க முடியல பாய். எப்பிடிக் கழட்டுறது?"

அவர் கடலைப் பார்த்தார். தன் லாரியைப் பார்த்தார். எத்தனை ஊர் அலைந்து சேர்த்த உறுப்புகள் என்பது அவருக்குத்தான் தெரியும். உப்பு தொட்ட பின் அதில் எதுவும் மிஞ்சாது.

"உள்ள விடுங்க" என்றார்.

துர்காதேவி மறுபக்கம் ஓடி ஏறினாள். கியர் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தாள். கிளட்ச் ஏற்கெனவே அடி வரைக்கும் அமுங்கியிருந்தது. வசந்தகுமாரின் கால்கள் இரண்டும் அதைத் தொடாமல், தூங்குகிறவனின் கால்களைப்போல, தரையில் துவண்டு கிடந்தன. அவள் கியரைப் போட்டாள்.

கிளட்ச் மெதுவாக மேலே வந்தது.

லாரி பதமாக நகர்ந்தது. நல்ல ஓட்டுநர் ஒருவர் ஓட்டுவதுபோல, ஒரு குலுக்கல் இல்லாமல், அலைக்குள் இறங்கியது. ஆழமில்லாத கடல் அது. வெகுதூரம் போக வேண்டியிருந்தது. பலகையின் இடுக்குகளில் முதலில் நுரை வந்தது. பிறகு தண்ணீர் வந்து அவள் கணுக்காலைச் சூழ்ந்தது. பெடல்களை மூடியது. தண்டில் ஏறியது. வெல்டிங் மோதிரத்தைத் தொட்டது.

எஞ்சின் நின்றது.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. யாரோ குடிக்கும் சத்தம். மடக்கு மடக்காக, நிறுத்தாமல், மூச்சு வாங்காமல். சக்கரத்துக்கு அடியிலிருந்து வந்தது.

வசந்தகுமாரின் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அவன் அவள் தோளில் சாய்ந்தான். அவனை இருவருமாகக் கரைக்கு இழுத்து வந்து மணலில் கிடத்தினார்கள். ஹசன் அலி அதன்பிறகு லாரியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் வெயில் தாக்கியிருக்கிறது என்றார்கள். சில நாள் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். அவன் கன்னங்கள் மெல்லத் திரும்பி வந்தன. ஒருநாள் காலை பக்கத்துப் படுக்கைக்காரரின் இட்லியையும் சேர்த்துத் தின்றுவிட்டு, நர்ஸிடம் திட்டு வாங்கினான். அன்று மதியமே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

முதுகுளத்தூர் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. வசந்தகுமார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான்.

"இனிமே ஒன்கூட வேலைக்கு வர மாட்டேன்க்கா. மாட்டு வண்டி ஓட்டிப் பொழைச்சுக்கிறேன்."

"மாடு ஒன்னைய வச்சுப் பொழைக்கணும்ல."

ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். வெளியே மிளகாய் வத்தல் காய்ந்த களங்கள், ஆட்டு மந்தைகள், வெயில். துர்காதேவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. ஒரு முத்து உருண்டு புருவத்தில் தங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

முன்னால் ஓட்டுநர் கண்டக்டரிடம் ஏதோ கேட்டார். கண்டக்டர் தன் பாட்டிலைக் கொடுத்தார். ஓட்டுநர் ஒரு கையால் வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உடனே மறுபடி கையை நீட்டினார்.

"காலி பண்ணிட்டீகளே அண்ணே" என்று சிரித்தார் கண்டக்டர். "யாருகிட்டயாச்சும் தண்ணி இருக்கா? டிரைவருக்கு."

ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன் பாட்டிலைக் கொடுத்தது. அது கைமாறி முன்னால் போனது. பின்னால் ஒரு அம்மாள் இன்னொன்றைக் கொடுத்தாள். அதுவும் போனது. காலிப் பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

துர்காதேவி எழுந்து நின்றாள். பட்டறை வாசற்படியில் போட்ட அந்தப் பொத்தானைக் கடலில் முக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பேருந்துக்கு மூக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னே கண்ணாடி மட்டும். கண்ணாடிக்கு அப்பால் சாலை கண்மாய்க்கரையை ஒட்டி வளைந்து கிடந்தது.

அவர் ஒரு பெரிய பாட்டிலை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்து, தலையை முழுவதுமாகப் பின்னால் சாய்த்து, மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங் சக்கரம் மெதுவாக, பதமாக, வளைவில் தானே திரும்பியது.